பதினேழாம் எண் வீடு

ஆகஸ்ட் 16, சனி

ஹேமாவதி மேடம் இன்று இந்த டைரியைக் கொடுத்தார். ஆராய்ச்சி நிலையத்துப் பதிவேடு வேறு, இது வேறு. கண்ணில் பட்டதையெல்லாம் இதில் எழுதி வையுங்கள், எது தேவையோ அதை அப்புறம் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்றார். எழுதுவது எனக்குப் புதிதில்லை. நூறு நாள் வேலையில் ஆறு வருஷம் ஆள் கணக்கு எழுதியவள் நான். யார் வேலைக்கு வந்தார், யார் வராமலே கைநாட்டு வைக்கப் பார்த்தார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

வேலை இதுதான். ஏரிக்கரைக்குக் கீழே அரை ஏக்கரைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். உள்ளே மரபணு மாற்றிய கத்திரி. காய்ப்புழு கடித்தால் புழுதான் சாகுமாம், அப்படி விதையிலேயே மாற்றி வைத்திருக்கிறார்கள். இதைப் பயிரிட அரசு தடை வைத்திருக்கிறது. ஒரு பருவம் நட்டு சோதித்துப் பார்க்க மட்டும் இங்கே அனுமதி. அதற்கு நிபந்தனைகள் பதினாறு பக்கம். பெரிய நிபந்தனை, வேலியிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் வேறு கத்திரிச் செடி எதுவும் இருக்கக் கூடாது. தேனீ இங்கிருந்து மகரந்தத்தை எடுத்துக்கொண்டு போய் ஊர்க் கத்திரியில் சேர்த்துவிடும்.

அந்த வட்டத்துக்குள் முப்பத்தோரு வீடு. சனிக்கிழமைதோறும் வீடு வீடாகப் போய், கத்திரி இல்லை என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வீடு பதினேழாம் எண்.

வேலிக்குள் ஆறு பாத்தி, அ முதல் ஊ வரை. சிலதில் மாற்றிய செடி, சிலதில் சாதாரணச் செடி. எது எதுவென்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்துவிட்டால் எண்ணும்போது கண் பொய் சொல்லுமாம். பட்டியல் ஒரு கவரில் சீல் வைத்து எங்கோ இருக்கிறது. எனக்கு முதல் நாளே மண்டை குடைய ஆரம்பித்துவிட்டது.

காலையில் வீட்டுக்காரருக்குச் சட்டைப் பட்டன் ஐந்தையும் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். கை நடுக்கம் வயசுக் கோளாறு என்று டாக்டர் சொன்னார். இவருக்கு வயசு நாற்பத்தொன்பது.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று முழுக்க வீட்டுச் செடி பிடுங்குகிற வேலை.

வெளியூர்க்காரர் யாராவது இதைப் படித்தால் புரியாது, அதனால் எழுதுகிறேன். எங்கள் ஊரில் கத்திரி போடுகிறவர்கள் வீட்டுப் பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் நாலு செடி தனியாக வைத்திருப்போம். அதற்கு மருந்து அடிக்க மாட்டோம். காய் சொத்தையாகத்தான் இருக்கும். புழு இருக்கிற பக்கத்தை அரிந்து எறிந்துவிட்டு மீதியை ஆக்குவோம். வயலில் விளைவது சந்தைக்கு. அதில் ஒரு துளை இருக்காது. வாரத்துக்கு இரண்டு தரம் மருந்து வாங்கிய காயில் எப்படித் துளை விழும்? அதை நாங்கள் வீட்டில் ஆக்குவதில்லை. இதை யாரும் யாரிடமும் பேசுவதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

முப்பத்தொன்றில் இருபத்து மூன்று வீட்டில் வீட்டுச் செடி இருந்தது. ஊருக்கு முன்மாதிரியாக முதலில் எங்கள் வீட்டு நாலைப் பிடுங்கச் சொல்லி இவரிடம் விட்டுவிட்டுப் போனேன். பக்கத்து வீட்டுப் பச்சையம்மா அக்கா, நான் செடியில் கை வைத்ததும் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். அஞ்சு மாசம் நாங்கள் என்னத்தைத் தின்பது என்று கேட்டாள். சந்தையில் வாங்கிக்கொள் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஆகஸ்ட் 23, சனி

முப்பத்தோரு வீடும் பார்த்தாயிற்று. எங்கும் இல்லை.

பின்பக்கம் வைத்திருந்த பெயின்ட் பக்கெட்டைக் காணோம். மாடியில் இருக்கிறது என்று இவர் சொன்னார். சரி.

செப்டம்பர் 3, புதன்

தேசிங்கு அண்ணன் வேலிக்கு வெளியே நின்று என்னிடம் ஒரு மணி நேரம் பேசினார். விவசாயிகள் சங்கத் தலைவர். வட்டத்துக்குள் அவருக்கு இரண்டரை ஏக்கர். கத்திரி போட முடியாமல் கேழ்வரகு போட்டிருக்கிறார். அந்தக் கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் அவர் கேட்ட கேள்விகள் எனக்குச் சரியாகத்தான் பட்டன. இன்றைக்கு நம் விதையை நாமே எடுத்து வைத்து நடுகிறோம், நாளைக்கு வருஷா வருஷம் கம்பெனிக்காரன் வாசலில் போய் நிற்பதா? நம் முள்ளுக் கத்திரியில் இது ஒரு தரம் கலந்துவிட்டால் யாரால் பிரித்தெடுக்க முடியும்? புழுவைக் கொல்வது மனுஷனை ஒன்றும் செய்யாது என்று இருபது வருஷம் தின்று பார்த்தவர் யார்?

மேடத்திடம் அப்படியே கேட்டேன். விதை யார் கையில் இருக்கும் என்பது என் கையில் இல்லை என்றார். கலக்கக் கூடாது என்பதற்குத்தான் முந்நூறு மீட்டர். மூன்றாவதற்கு, அதைத் தெரிந்துகொள்ளத்தானே இத்தனை பாடு என்றார். இந்த மேடத்தை எனக்குப் பிடித்திருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்கிறார்.

தேசிங்கு அண்ணனுக்கு மருந்து அடித்துக் கொடுத்தவர் இவர்தான். அவருக்கு மட்டுமா, இந்த வட்டத்தில் இருக்கிற கத்திரி வயல் அத்தனைக்கும். பருவத்துக்கு முப்பது, முப்பத்தைந்து தரம், இருபத்திரண்டு வருஷமாக. இந்தப் பருவம் வயலிலும் கத்திரி இல்லை. மருந்து டேங்க் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. வேலையில்லாத மனுஷனை வீட்டில் வைத்துச் சமாளிப்பது தனி வேலை.

செப்டம்பர் 20, சனி

சோதனைச் செடிகள் மொட்டு விட்டிருக்கின்றன. சில மொட்டுகளுக்கு மேடம் மெல்லிய துணி உறை மாட்டினார். உறை போட்டால் வெளி மகரந்தம் உள்ளே போகாது, உள்ளது வெளியே வராது; பூ தன்னைத் தானே சேர்த்துக்கொண்டு காய்க்கும். காற்று படாததால் காலையில் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிட வேண்டும். அவ்வளவுதான்.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். வழக்கமாக நான் வேலிக்குள் நடப்பதைச் சொன்னால் கொட்டாவி விடுகிறவர், இன்று தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார். மொட்டிலேயே மூட வேண்டுமா, பூத்த பிறகா? என்ன துணி? கட்டுகிற நூல் இறுகினால் காம்பு வாடாதா? இவருக்கு இதில் இத்தனை ஆர்வம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. மேடம் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன்.

முப்பத்தோரு வீடும் பார்த்தாயிற்று. எங்கும் இல்லை.

செப்டம்பர் 24, புதன்

என் பழைய மஞ்சள் வாயில் துணிச் சேலையைக் காணோம். கொடியிலிருந்து காற்றில் போயிருக்கும்.

இவர் இப்போதெல்லாம் காலையில் ஏணி வைத்து மாடிக்குப் போகிறார். டிஷ்ஷைத் திருப்பி வைக்கிறாராம். டிவி நன்றாகத்தான் தெரிகிறது. எனக்கு முட்டி வலி, ஏணி ஏற முடியாது.

இன்று மேல் பட்டன் இரண்டையும் இவரே போட்டுக்கொண்டார்.

அக்டோபர் 14, செவ்வாய்

முதல் பறிப்பு. ஆறு பாத்தியிலும் சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு காய். ஒவ்வொன்றையும் அரிந்து துளையையும் புழுவையும் எண்ண வேண்டும். அ பாத்தியில் மூன்று காய்க்கு ஒன்று சொத்தை. ஆ, இ அப்படியே. ஈ பாத்தியில் அறுபத்தெட்டுக் காயில் இரண்டே இரண்டு. நான் திரும்ப அரிந்து பார்த்தேன். மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்ணி முடித்த காயை எல்லாம் குழியில் போட்டு எரித்தாயிற்று. ஒரு துண்டு வெளியே போகக் கூடாது. கைக்குக் கிடைத்ததைத் தின்று பார்க்க முடியாமல் எரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். ஈ பாத்திக் காய் ஒன்றை முகர்ந்து மட்டும் பார்த்தேன். கத்திரிக்காய் வாசனைதான் வந்தது.

அக்டோபர் 25, சனி

மழை. குடை பிடித்துக்கொண்டு முப்பது வீடு பார்த்தேன். பன்னிரண்டாம் எண் வீட்டுச் சாக்கடை ஓரம் தானாக முளைத்த கன்று ஒன்று, விரல் நீளம். பிடுங்கிப் பதிவேட்டில் எழுதினேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று மேடம் பாராட்டினார்.

எங்கள் வீட்டுக்கும் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

மொச்சைக் குழம்பு வைத்தேன். அடுப்பங்கரை மேடையில் இரண்டு கத்திரிக்காய் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று இவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. சந்தையில் வாங்கியிருப்பார். ஒன்றில் புழுத்துளை இருந்தது. அந்தப் பக்கத்தை அரிந்து எறிந்துவிட்டு மீதியைப் போட்டேன்.

இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். ரொம்ப நாள் கழித்து இவர் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 8, சனி

முப்பத்தோரு வீடும் பார்த்தாயிற்று. எங்கும் இல்லை. முட்டி வலி.

நவம்பர் 12, புதன்

இவர் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். நான் கேட்கவில்லை. நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தடவுவதைப் பார்த்து, "குடு இப்படி" என்று வாங்கி ஒரே தரத்தில் கோத்துவிட்டார். அவருக்கே ஆச்சரியம். திரும்ப உருவிவிட்டு இன்னொரு தரம் கோத்துப் பார்த்தார்.

நவம்பர் 21, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். தடை தொடரலாமா, தளர்த்தலாமா என்று ஊர் ஊராகக் கேட்கிறார்கள். மாவட்டத்திலிருந்து அதிகாரி, மேடம், சங்கத்து ஆட்கள், எங்கள் ஊர் ஜனம் என்று முந்நூறு பேர். இவரும் வருகிறேன் என்றார். வெள்ளைச் சட்டை எடுத்து ஐந்து பட்டனையும் அவரே போட்டுக்கொண்டார். பார்க்க நன்றாக இருந்தார்.

தேசிங்கு அண்ணன் முதலில் பேசினார். விதை, கம்பெனி, நம் முள்ளுக் கத்திரியின் ருசி எல்லாம் சொல்லி, நம் தட்டில் விழுவது நமக்குத் தெரிந்த காயாக இருக்க வேண்டும் என்று முடித்தார். பெரிய கைத்தட்டல். அடுத்து மேல்தெருக்காரர் ஒருவர், மருந்துக்கு அழுதே நாம் ஓட்டாண்டி ஆகிறோம், புதுசு வரட்டும் என்றார். அதற்கும் கைத்தட்டல். நானும் இரண்டுக்கும் தட்டினேன்.

அப்புறம் பார்த்தால் மைக் முன்னால் இவர் நிற்கிறார். கல்யாண வீட்டில்கூட நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர்.

"எம் பேரு ஏகாம்பரம். இந்த ஊர்ல மருந்து அடிக்கிறவன். எனக்குப் படிப்பு இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் மருந்து அடிச்ச காயை இங்க யாராச்சும் வீட்ல ஆக்கறீங்களா?"

தேசிங்கு அண்ணன் மேஜையைப் பார்த்தார். பச்சையம்மா அக்கா மடியிலிருந்த சொம்பைத் துடைத்தாள். மாவட்ட அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. இங்கே என்ன நடக்கிறது என்று மேடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அத்தோடு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை.

"நானும் ஆக்கறதில்ல. நான் துன்றது மாடியில வச்சிக்கீற செடிக் காய். நாலுல ஒண்ணை மட்டும் தூக்கிப் போடாம, மண்ணோட எடுத்து பக்கெட்ல வச்சிக்கினேன். பூவுக்கெல்லாம் துணி கட்டித்தான் வச்சிக்கீறேன், மேடம் சொன்ன மாதிரியே. தேனீ கிட்டயே போவாது."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை. எவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறேன் பார் என்கிற மாதிரி மேடத்தைப் பார்த்துச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

தேசிங்கு அண்ணன் எழுந்தார். சத்தம் போடவில்லை. "அப்போ முந்நூறு மீட்டருக்குள்ள கத்திரி இருந்திருக்குது" என்று மட்டும் சொன்னார். அதிகாரி பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். பதினேழாம் எண் வீடு. பதின்மூன்று சனிக்கிழமை. பதின்மூன்று தரம் "இல்லை" என்று எழுதி, குணசுந்தரி என்று அழகாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 22, சனி

காலையில் அதிகாரிகளோடு ஏணியில் ஏறினேன். முட்டி வலிக்கவில்லை.

பெயின்ட் பக்கெட்டில் செடி இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. பூவுக்கெல்லாம் சின்னச் சின்ன மஞ்சள் உறை, எல்லாம் என் பழைய சேலைத் துணி. ஒவ்வொன்றையும் நாலு பக்கம் மடித்துத் தைத்து, உறையின் வாய்க்கு நூல் போட்டுச் சுருக்கியிருந்தார். எண்ணினேன். இருபத்தாறு. மேடம் ஒரு உறையைத் தொட்டுப் பார்த்து, நாங்கள் கட்டினதைவிட நன்றாக இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். காலையில் காம்பைச் சுண்டிவிட்டீர்களா என்று இவரைக் கேட்டார்.

"முதல்ல சுண்டல மேடம். என் கைதான் தன்னால ஆடிகினே இருந்துச்சே, புடிச்சாலே போதும். இப்பத்தான் ஒரு மாசமா சுண்ட வேண்டிகீது" என்றார் இவர்.

செடியைப் பிடுங்கிப் பையில் போட்டுச் சீல் வைத்தார்கள்.

நவம்பர் 29, சனி

சோதனை செல்லாது என்று ஆகிவிட்டது. உறை போட்டிருந்தாலும் செடி செடிதான். பொய்க் கையெழுத்துப் போட்ட பதிவேட்டில் மற்றக் கணக்கை மட்டும் யார் நம்புவார் என்று அதிகாரி கேட்டார். நியாயமான கேள்வி. வேலிக்குள் இருந்த எல்லாச் செடியையும் வேரோடு எடுத்து எரித்தோம். எனக்கு இன்றோடு வேலை முடிந்தது.

புகையில் நின்றுகொண்டு மேடத்திடம் கேட்டேன், ஈ பாத்திதானே என்று. எனக்கும் தெரியாது குணசுந்தரி என்றார். கவரைப் பிரித்தால்தான் அவருக்கும் தெரியுமாம். சோதனையே செல்லாததால் கவரைப் பிரிக்க மாட்டார்கள். சீலோடு அப்படியே தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். ஒன்றரை மாதம் ஒவ்வொரு காயாக அரிந்தவளுக்கு அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. வேலை போனதற்குக்கூட நான் அழவில்லை.

போகும்போது மேடம் கேட்டார்: "உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

முட்டி வலி என்று சொன்னேன். இந்த டைரியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். பக்கெட் காணாமல் போன அன்றே எனக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் மருந்து அடித்தவர், தனக்கென்று ஒரு செடியை வைத்துக்கொண்டார். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. மேடத்திடம் அதைச் சொல்லியிருக்கலாம். அவர் ஜீப் கிளம்பிவிட்டது.

டிசம்பர் 8, திங்கள்

முந்நூறு மீட்டர் நிபந்தனை நீங்கியதும் வட்டம் முழுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திரி நட்டுவிட்டார்கள். தேசிங்கு அண்ணன் இரண்டரை ஏக்கரும். அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு நாலு நாற்று கொண்டுவந்து கொடுத்தாள், வீட்டுச் செடிக்கு வைத்துக்கொள் என்று. கூட்டத்தில் நடந்ததை ஒருவரும் பேசவில்லை. எங்கள் மேல் கோபமும் இல்லை.

ஜனவரி 3, சனி

தேசிங்கு அண்ணன் வந்தார். குருத்தில் புழு வைத்துவிட்டதாம். இந்த வருஷம் அதிகமாம். எப்போது வருகிறாய் என்று இவரைக் கேட்டார். இவர் கட்டிலுக்கு அடியிலிருந்து டேங்கை இழுத்துத் துடைத்தார். போக வேண்டாம் என்றேன். "வேற இன்னா வேலை தெரியும் எனக்கு?" என்றார்.

ஜனவரி 24, சனி

வேலை போனாலும் சனிக்கிழமையானால் கால் தானாக நடக்கிறது. வீடு வீடாக எட்டிப் பார்த்தேன். போன வருஷம் இருபத்து மூன்று வீட்டில்தான் வீட்டுச் செடி. இப்போது முப்பத்தோரு வீட்டிலும் இருக்கிறது. கத்திரியே போடாத பால்காரர் வீட்டில்கூட ஒரு தகர டப்பாவில் இரண்டு செடி. இவர் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு ஊர் சொன்ன பதில் இது என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து இந்த டைரியை முதலிலிருந்து புரட்டினேன். ஆகஸ்டில் அவராகப் போட்ட பட்டன் ஒன்றுமில்லை. செப்டம்பரில் இரண்டு. நவம்பரில் ஐந்தும். ஊசியில் நூல். இத்தனையையும் நானே எழுதியிருக்கிறேன், பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அ முதல் ஊ வரை பார்த்தேனே தவிர, எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைப் பார்க்கவில்லை.

இந்த மூன்று வாரத்தில் ஆறு தரம் மருந்து அடித்திருக்கிறார். இன்று காலை மூன்று பட்டன் போட்டார். மீதி இரண்டை நான் போட்டேன்.

பிப்ரவரி 14, சனி

ஐந்தும் நான்தான் போட்டேன்.